"கோவிட் போயிருச்சு, எனக்குத்தான் போகல!" – வாசகர் கேள்வி பதில்

கோவிட் காலத்தில் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் வேலை பார்த்தவர்கள் மனதில் இருப்பதை எழுதி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு மூலையில் நான்கு வரி போட்டிருந்தோம். "அதெல்லாம் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, யார் எழுதப் போறாங்க" என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டார். வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அதிகம் எழுதியவர்கள் நர்ஸ்கள். டாக்டர்கள் குறைவு, எழுதியவர்களும் பெயர் போடவில்லை. இங்கே யாருடைய பெயரும் ஊரும் கிடையாது. மருத்துவமனைகளின் பெயர்களையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: 2021 மே மாதம் ஓர் அரசு மருத்துவமனையில் கோவிட் வார்டு நைட் டூட்டி பார்த்தேன். அன்று ராத்திரி ஆக்சிஜன் பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. கையில் ஒரு சிலிண்டர்தான் இருந்தது, மூச்சுத் திணறுபவர்கள் இரண்டு பேர். டாக்டர் பக்கத்து வார்டில் ஒருவருக்கு நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒருவருக்குப் போட்டேன், இன்னொருவர் விடிவதற்குள் போய்விட்டார். இப்போது பிரசவ வார்டில் இருக்கிறேன். மானிட்டர் அலாரம் அடித்தால் கை நடுங்குகிறது. அந்த பிளாக் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். எல்லாருக்கும் கோவிட் போயிருச்சு, எனக்குத்தான் போகல. நான் ஒருத்தரைக் கொன்னுட்டேனா?

இல்லை, சிஸ்டர். கொல்லவில்லை. கடிதம் முழுக்க நீங்கள் கேட்டிருப்பது இந்த ஒரு கேள்விதான், அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன். கை நடுக்கத்தை அப்புறம் பேசுவோம்.

அந்த மாதம் எப்படி இருந்தது என்பது படிக்கிற பலருக்கு மறந்திருக்கும். மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் புதிய தொற்று 36,000ஐத் தாண்டியது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன, உள்ளே படுக்கை காலியாகும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் ஓடியது. எத்தனை ஆக்சிஜன் படுக்கை இருக்க வேண்டும், டேங்கர் எப்போது வர வேண்டும், ராத்திரியில் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் போட வேண்டும் என்பதில் எதையாவது உங்களைக் கேட்டு முடிவு செய்தார்களா? எங்கெங்கோ எடுத்த முடிவும், எடுக்காமல் விட்ட முடிவும் கீழே கீழே இறங்கி வந்து, நடுராத்திரியில் ஒரே ஒரு சிலிண்டராக உங்கள் கையில் நின்றது. அந்த நேரத்தில் யார் நின்றிருந்தாலும் ஒருவருக்குத்தான் போட்டிருக்க முடியும். யாருக்குப் போடுவது என்று யோசித்துக்கொண்டே நின்றிருந்தால் இரண்டு பேரையும் இழந்திருக்கலாம்.

இதைச் சொன்னதும் உங்களுக்கு நிம்மதி வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வந்திருந்தால் உங்கள் தோழிகள் சொன்னபோதே வந்திருக்கும்.

உங்களிடம் இரண்டு விஷயங்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பயம். அலாரம் கேட்டால் உடம்பு அந்த ராத்திரிக்கே போய்விடுகிறது, அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. இது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, கெட்ட கனவும் தூக்கமின்மையும் திடுக்கிடலும் சேர்ந்துகொண்டால் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று சொல்வோம். வெள்ளத்தில் தப்பித்தவர்களுக்கும் விபத்தில் மாட்டியவர்களுக்கும் வருகிற அதே நோய்தான். இன்னொன்று குற்ற உணர்ச்சி, அதன் தினுசே வேறு. அமெரிக்காவில் வியட்நாம் போர் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டி, மாரல் இஞ்சுரி என்று எழுதினார். சரி என்று தெரிந்ததைச் செய்ய முடியாத இடத்தில் ஒருவரை நிறுத்தி வைத்தால் மனசாட்சியில் விழுகிற அடி அது. மேலே இருந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற கசப்பும் அதில் சேர்ந்தே இருக்கும். கோவிட்டில் உலகம் முழுக்க நர்ஸ்களையும் டாக்டர்களையும் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம், அவர்களில் பலர் நோயைப் பார்த்துப் பயந்ததோடு இதிலும் உடைந்தார்கள் என்பதுதான்.

பயத்துக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. நடந்ததைப் பாதுகாப்பான ஓர் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பேச வைத்து, நினைவில் இருக்கிற விஷத்தை இறக்குகிற உளவியல் சிகிச்சைகள் உண்டு, செர்ட்ராலின் மாதிரி மாத்திரைகளும் உண்டு. மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், பழக்கமாகிவிடாது, ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வார்டில் கிடைக்கிறதே என்று அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்குகிற சிஸ்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். அந்த வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்தாது. பழக்கமாகும், விடுவது கஷ்டம்.

குற்ற உணர்ச்சிக்கு மாத்திரை கிடையாது. நான் என்னிடம் வருகிறவர்களோடு செய்வது இதுதான். அந்த ராத்திரியை ஒரு கேஸ் ஷீட் எழுதுவது போல எழுதச் சொல்வேன். வார்டில் எத்தனை நோயாளி, டூட்டியில் எத்தனை பேர், சிலிண்டர் எத்தனை, யாருக்கு எத்தனை மணிக்குப் போன் போட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், இரண்டு பேருக்கும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு என்ன இருந்தது. அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். உங்கள் தலைக்குள் இத்தனை வருஷமாக ஓடுகிற படத்தில் நீங்களும் அந்த நோயாளியும் மட்டும்தான் இருப்பீர்கள். எழுதிப் பார்த்தால் அந்த அறைக்குள் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள், பாதிப் பேர் போனை எடுக்காதவர்கள். இதைத் தனியாகச் செய்யாதீர்கள், மனநல மருத்துவரோ உளவியலாளரோ பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

உயிர் வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104இலும் பேசலாம். சென்னையில் உள்ள சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044 24640050.

கேள்வி: கைதட்டினது, விளக்கு ஏத்தினது, பூ தூவினது எல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நன்றி கெட்டவனாக இருக்கிறேனோ?

இல்லை. 2020 மார்ச் 22 அன்று தட்டைத் தட்டினார்கள், மே 3 அன்று ஹெலிகாப்டரில் இருந்து மருத்துவமனைகள் மேல் பூ தூவினார்கள். நடுவில் ஏப்ரலில் டாக்டர்களையும் நர்ஸ்களையும் அடித்தால் 5 வருஷம் வரை, கொடுங்காயம் என்றால் 7 வருஷம் வரை சிறை என்று ஓர் அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. இந்த மூன்றையும் ஒரே ஆறு வாரத்துக்குள் பார்த்தவருக்கு எரிச்சல் வராமல் என்ன வரும்?

கேள்வி: நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. படிக்கிறேன். கோவிட்டின்போது ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். அப்போது ஆரம்பித்த தூக்கமின்மை இன்னும் விடவில்லை, சில நாள் டூட்டிக்குக் கிளம்பும்போதே அழுகை வருகிறது. எங்கள் காலேஜ் சைக்கியாட்ரி ஓ.பி.யில் சீட்டுப் போட்டால் ரெக்கார்டில் ஏறிவிடும், அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் என் பேட்ச்மேட்கள். வெளியே தெரிந்தால் என் எதிர்காலம் என்ன ஆகும்? இப்போதைக்கு நானே எனக்கு ஒரு மாத்திரை எழுதிப் போட்டுக்கொள்கிறேன்.

தம்பி, கடைசி வரியில் இருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் நீங்களே ஆஞ்சியோ பார்ப்பீர்களா? மன அழுத்தத்தில் முதலில் கெடுவது சொந்த நிலைமையை எடைபோடுகிற திறன்தான், அதை வைத்துக்கொண்டு உங்களுக்கு நீங்களே டோஸ் முடிவு செய்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன், என்ன மாத்திரை என்று எழுதவில்லை, சிலவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆனால் இந்த வாரத்துக்குள் வேறு ஒரு டாக்டர் அதைப் பார்க்க வேண்டும்.

ரெக்கார்ட் பயத்துக்கு வருகிறேன். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை பற்றிய தகவல் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்று சொல்கிறது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் உண்டு, துறைத் தலைவரின் ஆர்வம் அதில் வராது. அதே சமயம் காகிதத்தில் இருக்கிற சட்டமும் ஓ.பி. வராந்தாவும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும். உங்கள் காலேஜிலேயே பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போங்கள். அல்லது 14416. அங்கே முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை, நாடு முழுவதற்கும் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனைதான் தலைமையிடம்.

நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு ஒருவர் உயிரையே கொடுத்திருக்கிறார், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் லோர்னா பிரீன். 2020 வசந்தத்தில் கோவிட் அங்கே உச்சத்தில் இருந்தபோது அவருக்கே தொற்று வந்தது. தேறியும் தேறாமலும் டூட்டிக்குத் திரும்பினார், உடைந்துபோனார், குடும்பத்தார் வர்ஜீனியாவுக்கு அழைத்துக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனநல சிகிச்சை எடுத்தது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் பயந்தார் என்று குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். ஏப்ரல் 26 அன்று தற்கொலை செய்துகொண்டார். 49 வயது. குடும்பத்தார் விடாமல் போராடியதில், மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கென்று அவர் பெயரிலேயே 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அங்கே பல மாநிலங்களின் லைசென்ஸ் படிவங்களில் "எப்போதாவது மனநல சிகிச்சை எடுத்ததுண்டா" என்று ஒரு கேள்வி இருந்தது. அதை எடுக்கச் சொல்லி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டு டாக்டராக வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அவர்கள் சொல்வதில்லை. உங்கள் யூனிட் சீஃப்கூட அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

கேள்வி: என் மனைவி ஸ்டாப் நர்ஸ். கோவிட் வார்டில் ஒரு வாரம் டூட்டி, ஒரு வாரம் லாட்ஜில் தனிமை என்று மாறி மாறிப் போனவள். அப்போது எங்கள் தெருவில் யாரும் எங்களோடு பேசவில்லை, தண்ணீர் குழாயில்கூட ஒதுங்கிப் போனார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். இப்போது அதே ஆட்கள் பி.பி. பார்க்க இவளிடம்தான் வருகிறார்கள், இவளும் சிரித்துக்கொண்டே பார்த்து அனுப்புகிறாள். ஆனால் வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம், பிள்ளைகளிடம் பேச்சே இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். நான் என்ன செய்வது?

அண்ணே, அந்த "ஒண்ணுமில்ல"வை நம்பாமல் எழுதியதற்கு முதலில் நன்றி. இப்படிக் கணவர்கள் எழுதுவது அபூர்வம். பெரும்பாலும் "இவ ஏன் இப்படி மாறிட்டா" என்ற புகாரோடுதான் வருவார்கள்.

தெரு ஒதுக்கியதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அவர் கடக்கவில்லை என்று நினைக்கிறேன். 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கோவிட்டில் இறந்தபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கூடியது, ஆம்புலன்ஸ் மேல் கல்லும் கட்டையும் விழுந்தது, உடன் வேலை பார்த்த டாக்டர் ஒருவர் ராத்திரியில் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் புதைக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு, அடக்கத்தைத் தடுத்தால் ஒன்று முதல் மூன்று வருஷம் சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் செய்தியை டூட்டி ரூமில் போனில் பார்த்துவிட்டுத்தான் அன்று பல நர்ஸ்களும் பி.பி.இ. கிட் என்ற பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நாளைக்கு நமக்கும் இதுதான் என்று தோன்றியிருக்காதா? அப்படி நினைத்த ஒருவர், ஒதுங்கிப் போன அதே கைகளில் இப்போது பி.பி. பட்டை சுற்றுகிறார். வெளியே காட்ட முடியாத கோபம் எங்கே போகும்? திருப்பி அடிக்காது என்று தெரிந்த இடத்துக்கு, அதாவது வீட்டுக்கு.

என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். "அந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னப்ப நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும்னு தோணுது" என்று நீங்கள் ஆரம்பியுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும். பிறகு அவர் பேசினால் கேளுங்கள், நடுவில் சமாதானம் சொல்லாதீர்கள், "அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே" என்ற வாக்கியத்தை நாக்குக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். பேசவில்லை என்றாலும் பரவாயில்லை. நைட் டூட்டி முடிந்து வருகிற நாளில் சமையலும் பிள்ளைகளின் ஸ்கூலும் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் என்னிடம் வருகிற பல அண்ணன்களின் முகம் மாறும், உங்களுடையது மாறாது என்று நம்புகிறேன்.

கோபத்தோடு சேர்ந்து, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, விடிகாலையில் முழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூடவே ஒரு ஹீமோகுளோபின், தைராய்டு, பி12. ரத்தச்சோகையும் தைராய்டும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும், கோவிட் வந்து போனவர்களுக்கு நீண்ட நாள் அசதியும் உண்டு. "உடம்பைப் பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் நர்ஸ்கள் வருவார்கள். மனசுக்கு என்றால் வர மாட்டார்கள்.

கேள்வி: 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக, அதாவது வண்டியில் முதலுதவி பார்க்கிறவனாக இருக்கிறேன். ரெண்டாவது அலையில் வண்டியிலேயே என் கண் முன்னால் போனவர்கள் உண்டு. அதிலிருந்து டூட்டி முடிந்ததும் ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம். இப்போது அது தினமும் ஆகிவிட்டது. விட்டுவிடலாம் என்று ரெண்டு நாள் நிறுத்தினேன், கை உதறல் எடுத்தது, பயந்து திரும்ப ஆரம்பித்துவிட்டேன்.

தம்பி, இனிமேல் தனியாக நிறுத்திப் பார்க்காதீர்கள். தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை உதறலில் ஆரம்பித்து வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும், உயிருக்கே ஆபத்து. நீங்களே அப்படிப்பட்ட கேஸ்களை ஏற்றியிருப்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள், சில நாள் மாத்திரை கொடுத்து, தயமின் என்ற வைட்டமின் ஊசி போட்டு, பாதுகாப்பாக இறக்கிவிடுவார்கள். இலவசம்.

குடித்தால் தூக்கம் வருவது போல இருக்கும், பாதி ராத்திரியில் கலைத்துவிடும், கனவு இன்னும் மோசமாகும். அதற்காக மறுநாள் இன்னொரு ரவுண்டு. போதையை இறக்கிய பிறகுதான் உள்ளே இருக்கிற துக்கம் தெரியும், அப்போதுதான் அதற்கு வைத்தியம் பார்க்க முடியும், அதனால் ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று ஓடிவிடாதீர்கள்.

உங்கள் வேலையில் இன்னொரு கஷ்டம் உண்டு, வெளியே யாருக்கும் தெரியாது. வார்டில் இருப்பவர்களுக்கு நோயாளி பிழைத்தாரா இல்லையா என்று தெரியும். நீங்கள் வாசலில் இறக்கிவிட்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிடுவீர்கள், பிழைத்தவர்கள் கணக்கில் வருவதே இல்லை, வண்டியில் போனவர்கள் மட்டும் மனதில் தங்குவார்கள். முடிந்தால் உங்கள் வண்டியை ஓட்டிய பழைய பைலட்டோடு உட்கார்ந்து, அந்த இரண்டு மாதத்தில் ஏற்றிப் பிழைத்தவர்களை ஞாபகப்படுத்திப் பேசிப் பாருங்கள். பாட்டில் இல்லாமல்.

கேள்வி: என் அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். கோவிட்டில் இறந்தவர்களைப் பையில் சுற்றி ஏற்றுகிற வேலையும் பார்த்தார். இப்போது அடிக்கடி நெஞ்சு அடைக்கிறது, பிடரி வலிக்கிறது, பிண வாடை அடிக்கிறது என்கிறார். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை என்கிறார்கள். அவர் டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லையே, அவருக்குமா இந்த மாதிரி வரும்?

ஏன் வராது? உடலைச் சுற்றியது அவர் கை, கழுவியது அவர் கை. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு வெளியே போய்விடுவார், அம்மா அங்கேயேதான் இருந்திருப்பார். சொந்தக்காரர்கள் பக்கத்தில் வர முடியாத நாட்களில் கடைசியாக முகத்தைப் பார்த்தவர் அவர்தான். குடும்பம் செய்ய வேண்டியதை அவர் செய்தார். அழுவதற்கு மட்டும் அவருக்கு உரிமை இல்லை. ஒப்பந்தக்காரர் நாளைக்கு வரச் சொல்வாரா மாட்டாரா என்ற கவலை வேறு.

கோவிட் வேலையில் இறந்தால் 50 லட்சம் ரூபாய் என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு காப்பீடு அறிவித்தபோது துப்புரவுப் பணியாளர்களையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். செத்தால் கணக்கில் உண்டு. உயிரோடு இருந்து நெஞ்சை அடைத்தால் எந்தக் கணக்கிலும் கிடையாது. இந்தக் கோபம் எனக்கு அடங்கவே இல்லை.

நம் ஊரில் துக்கமும் பயமும் பல பேருக்கு உடம்பு வழியாகத்தான் பேசும். அம்மா நடிக்கவில்லை, வலி நிஜமான வலிதான். இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, இன்னும் ஸ்கேனுக்குக் கடன் வாங்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், அவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வேலை பார்க்கிற இடத்திலேயே பார்க்க அம்மா கூச்சப்பட்டால் வேறு மருத்துவமனை. வாடை வருவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழைய நினைவாக இருக்கலாம், கோவிட்டில் மூக்கு நரம்பு பாதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம், வலிப்பு வகையிலும் அரிதாக வரும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தால் கோயிலிலோ சர்ச்சிலோ தர்காவிலோ, இறந்துபோன அந்த முகம் தெரியாத மனிதர்களுக்காக ஒரு விளக்கோ மெழுகுவர்த்தியோ வைக்கச் சொல்லுங்கள். மருந்துக்குப் பதிலாக இல்லை, மருந்தோடு சேர்த்து.

கேள்வி: ஒரு மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டாக இருக்கிறேன். ஊழியர் மனநலத்துக்காக ஒரு நாள் ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் பயிற்சி நடத்தச் சொல்லி உத்தரவு. யோகா, தியானம், ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர். இது போதுமா? அடுத்து ஒரு தொற்று வந்தால் நாங்கள் என்ன செய்து வைத்திருக்க வேண்டும்?

பயிற்சி என்றைக்கு, மேடம்? நைட் டூட்டி முடித்தவர்களை வீட்டுக்குப் போகவிடாமல் உட்கார வைக்கிற நாள் என்றால் தயவுசெய்து ரத்து பண்ணுங்கள்.

யோகாவுக்கு நான் எதிரி இல்லை. பர்ன்அவுட் என்கிற வேலைக் களைப்பை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாக வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்று வைத்திருக்கிறது. அப்படியென்றால் முதலில் சரிபண்ண வேண்டியது டூட்டி ரோஸ்டர். பி.பி.இ. கிட்டில் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் போகாமல், மாதவிலக்கு நாட்களில் நாப்கின் மாற்ற வழியில்லாமல் நின்றவர்களிடம் மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ரிலீவர் நேரத்துக்கு வருகிறாரா, உடை மாற்ற ஓர் அறை இருக்கிறதா, ராத்திரி சாப்பாடு சூடாகக் கிடைக்கிறதா, தொடர்ந்து எத்தனை நைட் போடுகிறீர்கள், புதிதாகச் சேர்ந்த பெண்ணை ஐ.சி.யு.வில் தனியாக விடுகிறீர்களா? இதில்தான் மனநலம் இருக்கிறது.

கனடாவின் டொரன்டோவில் 2003இல் சார்ஸ் என்ற தொற்றுநோய் வந்தது. அது அடங்கி ஒன்று, இரண்டு வருஷம் கழித்து மருத்துவமனை ஊழியர்களைப் பார்த்தபோது, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைகளில் சோர்வும் மனவேதனையும் கூடுதலாகவே இருந்தன. போதுமான பயிற்சியும் ஆதரவும் கிடைத்தது என்று உணர்ந்தவர்கள் அதில் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அதனால் தொற்று வருவதற்கு முன்பே கிட் போட, கழற்ற, வென்டிலேட்டர் பார்க்கப் பழக்கி வையுங்கள். பயம் பாதி குறையும். ஆக்சிஜன் பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதலில் என்ற முடிவை ஒரு சீனியர் டாக்டர் குழு எழுத்தில் எடுக்க வேண்டும், அதை ராத்திரி டூட்டி நர்ஸின் தலையில் கட்டக் கூடாது. இந்த இதழின் முதல் கடிதத்தைப் படியுங்கள், ஏன் என்று புரியும்.

இன்னொன்று. ஒரு மோசமான சாவு நடந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, ஒவ்வொருவராக நடந்ததை விவரமாகச் சொல்லுங்கள் என்று கட்டாயப்படுத்துகிற டீபிரீஃபிங் கூட்டம் நல்லது என்று நினைக்கிறோம். அது பின்னால் வரும் பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. டீ வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள், இரண்டு நாள் கழித்து ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். பேச வருகிறவர்கள் வருவார்கள். ஒரு மாதம் ஆகியும் தூங்காதவர்களை டாக்டரிடம் அனுப்புங்கள்.

சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் உங்கள் கையில் இல்லை, தெரியும். கோவிட்டுக்கென்று தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஓடு போகச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அடுத்த தொற்றுக்குக் கூப்பிட்டால் அதே ஆட்கள் எந்த மனதோடு வருவார்கள் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதவாவது உங்களால் முடியும். அந்த மோட்டிவேஷன் பேச்சாளருக்குக் கொடுக்கிற பணத்தில் டூட்டி ரூமுக்கு ஒரு கட்டிலும் நல்ல ஃபேனும் வாங்கிப் போட முடியுமா என்றும் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. கோவிட்டில் பார்த்ததை நினைத்தால் அனுப்பப் பயமாக இருக்கிறது.

அவளுக்கு விருப்பம் இருந்தால் அனுப்புங்கள், அம்மா. விருப்பம் உங்களுடையதா அவளுடையதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு ஹாஸ்டலில் இருந்து போன் போட்டு "முடியலம்மா" என்று அழுதால், "எல்லாரும் படிக்கலையா" என்று சொல்லாமல், சாப்பிட்டாயா, எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேளுங்கள். அப்படியும் இரண்டு, மூன்று வாரம் அதே அழுகை என்றால் எனக்கு எழுத வேண்டாம், நேராக அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போங்கள்.